கடன் பாக்கியும் ஐந்தொகையும்

திருவொற்றியூரில் நடந்த அங்கத்தினர் வகுப்பொன்றில், “வங்கியின் சொத்து எது?” என்று வினவினோம். “கட்டடமும் இரும்புப் பெட்டியும்” என்றார் முதிய நெசவாளர் ஒருவர். சபையில் சிரிப்பு எழுந்தது. ஆனால், சிரித்தவர்களிலும் சரியான விடை கூறியவர் இருவரே. பிறருக்குக் கொடுத்த கடனே வங்கியின் தலையாய சொத்து. நாம் போட்டு வைக்கும் டிபாசிட்டு அதற்குப் பொறுப்பு. நம் வீட்டுக் கணக்கில் சுமையாக நிற்கும் கடன், சங்கத்தின் ஐந்தொகையில் சொத்தாக நிற்கிறது. ஆதலால் அக்கடன் திரும்பி வரத்தக்கதா என்பதைப் பொறுத்தே அச்சொத்தின் மதிப்பு அமையும்.

இதை விளக்க நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. ராயபுரத்திலிருந்து துறைமுகத்தை ஒட்டித் தெற்கே சென்றால், ராஜாஜி சாலையில் இந்தியன் வங்கி நெடுங்காலம் தலைமை அலுவலகமாகக் கொண்டிருந்த இடத்தைக் காணலாம். 1906-இல் அர்பத்நாட் கம்பெனி முறிந்து, சென்னைவாசிகள் பலர் தம் சேமிப்பை இழந்தனர். அதற்கு மறு ஆண்டு, 1907-இல், வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோர் முயற்சியால் தோன்றியது இவ்வங்கி. அத்தகைய வங்கியே 1995-96 ஆம் ஆண்டில் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது!

நஷ்டம் அந்த ஓராண்டில் முளைத்ததன்று. முன்பெல்லாம் வங்கிகள் வசூலாகாத வட்டியையும் வரவு வைத்து லாபம் எழுதி வந்தன. நரசிம்மம் குழுவின் 1991 ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின், 1992-93 முதல் விதி மாறியது. வட்டி கைக்கு வந்தால்தான் வரவு. நெடுநாள் நிலுவையிலுள்ள கடனை வராக்கடன் என்று பிரித்து, அதற்கு லாபத்திலிருந்து ஒதுக்கு வைத்தல் வேண்டும். நிலுவைக் காலத்தின் அளவும் படிப்படியாகக் குறுகி, 2004 முதல் 90 நாட்களாயிற்று. பயிர்க் கடனுக்கு மட்டும் நாட்கணக்கு இல்லை, சாகுபடிப் பருவமே கணக்கு. திரையை விலக்கியதும் உள்ளே இருந்தது தெரிந்தது, அவ்வளவே. கடுமையான வசூலாலும் அரசு அளித்த மூலதனத்தாலும் அவ்வங்கி 2001-02-இல் மீண்டும் லாபம் கண்டது.

இதே கதை பின்னர் நாடு முழுமைக்கும் நேர்ந்தது. உருக்காலை, மின் நிலையம், நெடுஞ்சாலை ஆகியவற்றிற்குத் தாராளமாய்க் கொடுத்த கடன்கள் பல தேங்கின. புதுக்கடன் கொடுத்துப் பழைய கடனை நேர்செய்யும் வழக்கமும் இருந்தது. 2015-இல் ரிசர்வ் வங்கி பெருங்கடன்களைத் துருவிப் பார்க்க முற்பட்டது. விளைவு, 2018 மார்ச்சில் வணிக வங்கிகளின் கடனில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் வராக்கடன் எனப் பதிவாயிற்று. 2025 மார்ச்சில் அது நூற்றுக்கு இரண்டரைக்கும் கீழே இறங்கியிருந்தது. மகிழத்தக்க செய்திதான். எனினும் விகிதம் எவ்வாறு இறங்கியது என்று கேட்டறிவது அங்கத்தினர் கடமை.

ஒரு சங்கத்தில் கடன் பாக்கி 1 கோடி ரூபாய், அதில் வராக்கடன் 12 லட்சம் என்று கொள்வோம். விகிதம் 12 சதவீதம். நான்கு லட்சத்தை வசூலித்தால் மொத்தப் பாக்கி 96 லட்சம், வராக்கடன் 8 லட்சம். விகிதம் சுமார் 8.3. வசூலிக்காமல் அந்த நான்கு லட்சத்தை ஏட்டிலிருந்து தள்ளி எழுதினாலும் அதே 8.3 தான். ஒரு காசும் வசூலிக்காமல் 50 லட்சம் புதுக்கடன் கொடுத்தாலோ, மொத்தம் ஒன்றரைக் கோடியாகி விகிதம் 8 ஆகிவிடும்! முதல் வழியில்தான் பெட்டிக்குப் பணம் வந்தது. மூன்றாம் வழியில் வராக்கடன் பன்னிரண்டு லட்சமும் அப்படியே இருக்கிறது. புதிதாய்க் கொடுத்த ஐம்பது லட்சம் பழுதாகுமா என்பது இரண்டொரு ஆண்டு கழித்தே தெரியும்.

நாட்டு வங்கிகளின் விகிதம் குறைந்ததில் இம்மூன்றுமே கலந்துள்ளன. 2014-15 முதல் பத்தாண்டுகளில் தள்ளி எழுதப்பட்ட தொகை பத்து லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். 2016-இல் இயற்றப்பட்ட திவால் சட்டம் வசூலுக்கு உதவியதும் உண்மை. தள்ளி எழுதுதல் வேறு, தள்ளுபடி வேறு என்பதை இங்கே வற்புறுத்த விரும்புகிறோம். தள்ளி எழுதிய கடனைக் கடன்காரர் இன்னும் கட்டியே ஆகவேண்டும். ஏடு மட்டும் தூய்மையாகிறது. தள்ளுபடியில் கடன்காரர் விடுபடுகிறார். அவருக்காக அரசு சங்கத்திற்குப் பணம் தர ஒப்புகிறது. 2021-இல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனை அவ்வாறு தள்ளுபடி செய்தது.

நம் சங்கங்களில் நான்காவது வழி ஒன்று உண்டு. தணிக்கைக்குச் சென்ற ஓரிடத்தில், மார்ச்சு 31 அன்று இருபத்தேழு பேர் பழைய கடனை வட்டியுடன் அடைத்ததாகவும், அன்றே அதனினும் சற்றுக் கூடுதலாகப் புதுக்கடன் பெற்றதாகவும் பேரேட்டில் கண்டோம். ரொக்க ஏட்டில் ஒரு ரூபாய் அசையவில்லை. செயலாளர் தீயவரல்லர். “தவணை தவறியோர் பட்டியலில் பெயர் ஏறினால் அடுத்த கடன் கிடைக்காதே, ஐயா” என்றார் அவர். அவர் இரக்கம் நமக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் புத்தகச் சரிக்கட்டால் ஒவ்வொருவர் கடனும் வட்டியால் பருத்ததே தவிர, எவர் சுமையும் இறங்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர் பலரின் வலையும் படகும் பாழாயின, தொழிலும் நின்றது. அத்தகையோர் தவணை தவறியதை ஏமாற்று என எவர் சொல்வார்? அவர்களுக்கு வேண்டுவது சரிக்கட்டு அன்று. நிர்வாகக் குழு கூடி, காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, விதிகள் அனுமதிக்கும் அளவில் தவணையை வெளிப்படையாக நீட்டித்தலே. வெள்ளத்தில் நெல்லை இழந்த பொன்னேரி, மீஞ்சூர் விவசாயிக்கும், நூல் விலையேற்றத்தால் தறி நின்ற நெசவாளிக்கும் இதுவே வழி. வசதியிருந்தும் கட்டாதவர் பெயர் வேறு பட்டியலில் நிற்கட்டும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஆண்டறிக்கை படிக்கப்படும்போது, தவணை கடந்த பாக்கியை ஓராண்டுக்குட்பட்டது, மூன்றாண்டுக்குட்பட்டது, அதற்கு மேற்பட்டது எனப் பிரித்துக் கேளுங்கள். வசூல் என்று காட்டியதில் ரொக்கமாக வந்தது எவ்வளவு, மாற்றுப் பதிவால் வந்தது எவ்வளவு என்றும் கேளுங்கள். ரொக்க ஏட்டையும் கடன் பேரேட்டையும் அருகருகே வைத்தால் அரைமணியில் விடை கிடைத்துவிடும்.