மலைச்சரிவில் 'வியூ' போடுகிறவர்களுக்கு

இன்னும் எழும்பாத கட்டடத்தை எழும்பியதுபோல வரைந்து காட்டுவதுதான் இந்தத் தொழில். கட்டடக் கலைஞர்கள் 'வியூ' என்பார்கள், வீட்டுக்காரர்கள் '3டி' என்பார்கள். மதுரையிலும் கோவையிலும் பிரமாதமாக வியூ போடுகிறவர்கள்கூடக் கொடைக்கானலில் ஒரு வேலை வந்தால் தடுமாறிவிடுகிறார்கள். வீட்டை ஒழுங்காகத்தான் போடுகிறார்கள். தரையில்தான் கோட்டை விடுகிறார்கள். உங்களுக்குப் பிளான் படிக்கத் தெரியும், இரண்டு புள்ளிப் பெர்ஸ்பெக்டிவ் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் பிளான், எலிவேஷன், செக்‌ஷன் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே காண்டூர் ஷீட். அது வராமல் பென்சிலைத் தொடாதீர்கள். "சும்மா கொஞ்சம் சரிவா போட்டுக்குங்க சார்" என்பார்கள். மசியக் கூடாது. பத்தடிக்கு ஓரடி ஏறுகிற மனைக்கும் மூன்றடி ஏறுகிற மனைக்கும் வெவ்வேறு படம்.

பிறகு இடத்துக்குப் போங்கள், காலையிலேயே. மத்தியானம் மூடுபனி ஏறிவிட்டால் எதிர்ச்சரிவு இருக்கிற இடமே தெரியாது. மேல் ரோட்டிலிருந்து ஒரு பார்வை, கீழ் ரோட்டிலிருந்து ஒரு பார்வை எடுங்கள். வீட்டுக்காரர் கீழ் ரோட்டுப் பார்வையைத்தான் கேட்பார், அதில் வீடு கம்பீரமாகத் தெரியும். ஆனால் வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் விருந்தாளி பெரும்பாலும் மேலே வண்டியை நிறுத்திவிட்டு, முதலில் கூரையைத்தான் பார்க்கிறார். என் விதி: கூரை தெரியாத மலைவீட்டுப் படத்தைக் கொடுப்பதில்லை.

இனி எல்லோரும் சறுக்குகிற இடம், கண்மட்டம். சமவெளியில் தொடுவானம் கண்ணுக்குத் தெரியும், இல்லாவிட்டாலும் ஊகித்துவிடலாம். வில்பட்டிப் பக்கமோ பூம்பாறைப் பக்கமோ நின்றால் எதிரே ஒரு முகடுதான் இருக்கும். அதையே தொடுவானமாக எடுத்துக்கொண்டு ஜன்னல், சன்ஷேடு கோடுகளையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்தப் படத்தில் வீட்டுத் தளமே மலையோடு சேர்ந்து மேலே ஏறிப்போகும். பார்க்கிறவருக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும்.

இதற்கு ஒரு தண்ணீர் பாட்டில் போதும். பாதி நிரப்பிக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நீரின் மேற்பரப்பு ஒற்றைக் கோடாகத் தெரியும்வரை ஏற்றி இறக்குங்கள். அந்தக் கோடு எதிரிலிருக்கும் மரத்தையோ சுவரையோ எங்கே வெட்டுகிறதோ, அங்கேதான் கண்மட்டம். கொத்தனார்கள் டியூபில் தண்ணீர் விட்டு லெவல் பார்ப்பதும் இதே கணக்குத்தான். போட்டோவில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். (கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் சமவெளியே தெரிகிறதே என்பீர்கள். அந்த உயரத்திலிருந்து பார்க்கையில் தொடுவானம் கண்மட்டத்துக்கு ஒரு பாகைக்குச் சற்று மேல் தாழ்ந்திருக்கும். அதுவும் வெயில் புழுக்கத்தில் பாதி நாள் மங்கிக் கிடக்கும். பாட்டிலையே நம்புங்கள்.)

கண்மட்டம் கிடைத்ததும் கோடுகளை இரண்டாகப் பிரியுங்கள். வீட்டின் தளம், ஜன்னல், கூரை விளிம்பு எல்லாம் மட்டக் கோடுகள். அவை கண்மட்டத்திலுள்ள புள்ளிக்கே போகும். ரோடு அப்படிப் போகாது. வீட்டுச் சுவருக்கு இணையாக ஓடும் ரோடு ஏறினால் அதன் புள்ளி வீட்டுப் புள்ளிக்கு நேர் மேலே. இறங்கினால் நேர் கீழே. எவ்வளவு மேலே? உங்கள் வரைபடக் கணக்கில் கண்ணிலிருந்து வீட்டுப் புள்ளிக்கு 40 செ.மீ. என்றால், பத்துக்கு ஒன்று ஏறுகிற ரோட்டுக்கு 4 செ.மீ. மேலே. படிக்கட்டின் சாய்வுக்கு அதையும்விட உயரத்தில் இன்னொரு புள்ளி வரும், மிதிப்படிகள் மட்டும் கண்மட்டத்துக்கே திரும்பும். இந்த ஒரு பாராவைப் பழகிவிட்டால் பாதித் தொழில் கைக்கு வந்துவிட்டது.

நேரமில்லையா? ஸ்கெட்ச்அப்பில் காண்டூரை ஏற்றி, வீட்டை வெறும் பெட்டிகளாக நிறுத்தி, கண் உயரத்தில் கேமராவை வைத்து அச்செடுங்கள். அதன்மேல் டிரேசிங் தாளைப் போட்டுக் கையால் வரையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரைக்கு வந்து வரைந்த தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் கேமரா அப்ஸ்க்யூரா பெட்டியின் துணையோடு இந்தியாவை வரைந்தவர்கள்தான். கைக்கோட்டுக்குப் பாடம் வேண்டுமானால் ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில்களையும், மனோகர் தேவதாஸின் மதுரைக் கட்டடங்களையும் பார்த்துப் பழகுங்கள்.

மரம் நடுவது சின்ன விஷயம், ஆனால் மானம் போகிற விஷயம். மென்பொருளோடு வரும் தென்னையை 2,100 மீட்டர் உயரத்தில் நட்டுவைத்த படங்கள் உலவுகின்றன. யூகலிப்டஸ், பைன், வாட்டில், பழைய பங்களாவென்றால் பேரிக்காய் மரம். வாட்டர்கலர் என்றால் 300 ஜி.எஸ்.எம். தாள், மழைக்காலத்தில் ஒரு வாஷ் காய்வதற்குள் டீ ஆறிவிடும்.

தடுப்புச் சுவரை மறைக்கச் சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்லுங்கள். சரிவில் வீட்டைத் தாங்குவதே அந்தச் சுவர்தான். கீழே ஒரு தளத்தைச் செடி வைத்து மூடச் சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள். மலைவாழிடங்களுக்கென்று 1993இலேயே தனிக் கட்டட விதிகள் வந்துவிட்டன. படம் நாளைக்கு எந்த மேசைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. நியூயார்க்கில் 1916இல் கட்டட உயரத்துக்கும் வடிவத்துக்கும் சட்டம் வந்த பிறகு, அந்தச் சட்டம் விடுகிற வடிவத்தையே கரியால் வரைந்து பெயர் வாங்கினார் ஹியூ ஃபெரிஸ். விதிக்குள் வரைந்தும் பிழைக்கலாம்.

கூலி பற்றி இரண்டு வார்த்தை. சதுர அடிக்கு விலை பேசாதீர்கள், ஒரு வியூவுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பாதி முன்பணம், இரண்டு திருத்தம்வரை இலவசம், அதற்கு மேல் தனிக் காசு. இதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். ஆரம்பத்தில் வீட்டுக்காரரை விடக் கட்டடக் கலைஞர்களிடமே வேலை பிடியுங்கள். அவர்களிடம் அடுத்த வேலை இருக்கும், வீட்டுக்காரரிடம் இருக்காது. விசிட்டிங் கார்டில் மட்டும் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளாதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெயர் பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே.