இரட்டைக் குட்டி ஈனும் செம்மறியாடு

தக்காணப் பீடபூமியின் வறண்ட பகுதிகளில் செம்மறியாடு வளர்ப்போருள் பெரும்பாலோர் சிறு மந்தைக்காரர்களே. அங்குள்ள தக்காணி இன ஆடு கடும் வெயிலையும் நெடுந்தூர நடையையும் தாங்க வல்லது. ஆயினும் அது ஓர் ஈற்றில் பொதுவாக ஒரு குட்டியே ஈனுகிறது. மந்தைக்காரரின் வருவாயோ முக்கியமாகக் குட்டிகளின் விற்பனையைச் சார்ந்தது. மேய்ச்சல் நிலம் குறைந்துவரும் இடத்தில் மந்தையைப் பெருக்க இயலாது. ஒவ்வோர் ஆடும் ஈனும் குட்டிகளைப் பெருக்க இயலுமா என்பதே ஆராய்ச்சிக்கு உரிய வினாவாகும்.

வங்கத்தின் சிற்றுருவ ஆடு

இதற்கு விடை சுந்தரவனப் பகுதியில் கிடைத்தது. அங்கு வளரும் கரோல் இன ஆடு உருவிற் சிறியதாயினும் இரண்டு, மூன்று குட்டிகளை ஒருங்கே ஈனும் இயல்புடையது. 1792, 1793 ஆம் ஆண்டுகளில் வங்கத்து ஆடுகள் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. பிற்காலத்தில் அந்நாட்டின் பூரூலா மெரினோ ஆடுகள் பல குட்டிகளை ஈன்றதற்கு இவற்றின் பாரம்பரியமே காரணமெனக் கருதப்படுகிறது. இவ்வியல்புக்குக் காரணமான ‘ஃபெக்-பி’ என்னும் ஜீன் மாற்றம் 2001-இல் கண்டறியப்பட்டது. டி.என்.ஏ. தொடரில் ஓர் எழுத்து மாறுவதால், அந்த ஜீன் ஆக்கும் புரதத்தில் குளூட்டமின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் ஆர்ஜினின் அமைகிறது. அதன் பயனாக ஒரே பருவத்தில் மிகுதியான கருமுட்டைகள் முதிர்கின்றன.

கிடாவைச் சோதித்தல்

கிடா குட்டி ஈனுவதில்லை. ஆதலால் அதனிடம் இந்த ஜீன் உள்ளதா என்பதை உருவங்கண்டு அறிய இயலாது. முன்னர் அதன் பெண் குட்டிகள் வளர்ந்து ஈனும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றோ சிறிதளவு இரத்தத்தைக் கொண்டே, குட்டி பிறந்த சில நாட்களில் இதனை அறியலாம்.

கலப்பினப் பெருக்கத்தில் இச்சோதனையின் பயன் பெரிது. கரோலும் தக்காணியும் கலந்த முதல் தலைமுறையில் பாதி கரோல் இரத்தம் இருப்பதால் உடல் சிறுத்துவிடும். அவற்றை மீண்டும் தக்காணியுடன் சேர்த்தால் கரோலின் பங்கு காலாகவும், பின்னர் அரைக்காலாகவும் குறைந்து, உடலமைப்பு தக்காணியை நெருங்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் குட்டிகளுள் ஏறக்குறைய பாதியே ஃபெக்-பி ஜீனைப் பெறும். சோதித்து அவற்றைத் தேர்ந்தெடுத்தாலன்றி அந்த ஜீன் மந்தையை விட்டு மறைந்துபோகும். மகாராஷ்டிர மாநிலத்தின் பல்டன் நகரிலுள்ள நிம்ப்கர் வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் இம்முறையைக் கையாண்டே ‘சுவர்ணா’ என்னும் ஆட்டு வகையை உருவாக்கியது. இராஜஸ்தானத்து அவிகாநகரிலுள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையமும் கரோல், மால்புரா, பட்டன்வாடி ஆகிய மூன்று இனங்களைக் கலந்து ‘அவிஷான்’ ஆட்டை உருவாக்கியுள்ளது.

ஒன்றா, இரண்டா?

பெற்றோர் இருவரிடமிருந்தும் ஃபெக்-பியைப் பெற்ற பெட்டையாடு மூன்று குட்டிகளை ஈனக்கூடும். குட்டிகள் மிகுந்தால் அவற்றின் எடை குறையும், தாயின் பாலும் போதாது, சாவு மிகும். ஆகவே சிறு மந்தைக்குப் பொருத்தமானது ஒரு பிரதி மட்டும் உடைய பெட்டையே. இரு பிரதிகள் உடைய கிடாவைச் சாதாரணப் பெட்டைகளுடன் சேர்த்தால், பிறக்கும் பெண் குட்டிகள் யாவும் ஒரு பிரதி உடையனவாய் இருக்கும். அப்பெட்டைகளுக்கு ஃபெக்-பி இல்லாத கிடாவைச் சேர்த்தால் இரு பிரதிகள் உடைய பெட்டைகள் மந்தையில் தோன்றா.

ஜீன் குட்டியைத் தருமேயன்றித் தீவனத்தைத் தராது. சினையின் கடைசி ஆறு வாரங்களில் கூடுதல் தீவனமும், ஈன்றபின் குட்டிகளுக்குக் கவனிப்பும் இன்றியமையாதவை. இவற்றை அளிக்க இயலாத வறட்சியாண்டில், இரட்டை ஈன்ற ஆடு இரண்டு குட்டிகளையும் இழக்க நேரிடும். கிடாவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னர் மந்தைக்காரர் தம்மிடமுள்ள தீவனத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுதல் நலம்.