அப்பாவின் நாற்காலிக்கு ஒரு ரிமோட்

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மோட்டார் வைத்த சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கால் பகுதி உயரும், முதுகு சாயும். நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது. அதன் ஒயர் ரிமோட்தான் பாடாய்ப் படுத்துகிறது. அடிக்கடி இடுக்கில் விழுந்துவிடும், குனிந்து எடுக்க அவரால் முடியாது. ஒருமுறை ஒயர் இரும்புச் சட்டத்தில் சிக்கி நசுங்கியே போனது. ஒயர் இல்லாத ரிமோட் போட முடியுமா? போனிலிருந்து இயக்கும்படி செய்துவிட்டால் நான் ஆபீஸில் இருந்துகொண்டே அவருக்கு உதவலாமே? தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் செய்து தருவதாகச் சொல்கிறார்.
வாசகி, தாம்பரம்

பதில்: ரிமோட் தாராளமாகப் போடலாம். போன் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் எலக்ட்ரீஷியனிடம் ஒன்று கேளுங்கள்: ‘எந்த இடத்தில் ஒயரைத் தொடப் போகிறீர்கள்?’ ஃபேனுக்கும் லைட்டுக்கும் போடுகிற ரிமோட் சுவிட்சை அடாப்டரின் 230 வோல்ட் பக்கம் மாட்டுவேன் என்றால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அது கரண்டைக் கொடுக்கும், நிறுத்தும், அவ்வளவுதான். நாற்காலி ஏறவும் இறங்கவும் வேண்டுமானால் மோட்டார் இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும்.

நாற்காலியின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நீளமான தண்டு ஒன்று முன்னும் பின்னும் நகரும். உள்ளே சின்ன டிசி மோட்டார் ஒரு திருகாணியைச் சுற்றுகிறது, திருகாணி தண்டைத் தள்ளுகிறது. அடாப்டரில் பெரும்பாலும் 29 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருக்கும். ப்ளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் திசை மாறும். தண்டு கடைசிவரை போனதும் உள்ளே இருக்கும் லிமிட் சுவிட்ச் தானாக நிறுத்திவிடும். ஆனால் அந்தச் சுவிட்சுக்கு இரண்டு முனைகள்தான் தெரியும். நடுவில் பேரனின் விரல் இருக்கிறதா, பூனை படுத்திருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. இந்த வகை மோட்டார்கள் பலவற்றின் லேபிளில் 6,000 நியூட்டன் என்றுகூட இருக்கும். ஏறக்குறைய 600 கிலோ எடையின் தள்ளுவிசை.

அடுத்தது, உங்கள் ஒயர் ரிமோட் எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். சாதாரண நாற்காலிகளில் அது வெறும் சுவிட்ச்தான்; மோட்டாரின் கரண்ட் அதன் வழியாகவே போய்வரும். மோட்டாருக்குப் போகும் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து ஏறும் பட்டனை அழுத்தினால் 29, இறங்கும் பட்டனை அழுத்தினால் மைனஸ் 29 காட்டும். அப்படிக் காட்டினால் வேலை எளிது. மோட்டார் கட்டில்களிலும் உயரம் மாறும் மேசைகளிலும் நடுவில் ஒரு கன்ட்ரோல் பெட்டி இருக்கும். அவற்றில் கை வைக்காமல், அதே கம்பெனி ஒயர்லெஸ் ரிமோட் விற்கிறதா என்று விசாரிப்பதே நல்லது. உங்கள் நாற்காலிக்கும் முதலில் அதை விசாரியுங்கள். வாரண்டி முடியாமல் ஒயரை வெட்டவே வேண்டாம்.

இனி சர்க்யூட். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ‘433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட், ரிசீவர், ரெண்டு ரிலே’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். டிவி ரிமோட் போல் நேருக்கு நேர் நீட்டவேண்டியதில்லை. போர்வைக்குள்ளிருந்து அழுத்தினாலும் வேலை செய்யும். ‘லேர்னிங் கோட்’ வகையாக வாங்குங்கள். இதில் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் 20 பிட் நீளத்தில் ஒரு எண் இருக்கும்; பத்து லட்சத்துக்கும் மேல் சேர்க்கைகள். பழைய வகையில் முகவரியைச் சால்டர் செய்து நாமே அமைக்க வேண்டும். யாரும் அமைப்பதில்லை. அபார்ட்மென்டில் மாடி வீட்டுக்காரர் தன் ரிமோட்டை அழுத்த, கீழே உங்கள் அப்பா எழுந்து உட்காருவார்.

ரிலேக்களை இணைக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு ரிலேயிலும் சும்மா இருக்கும்போது தொடும் முனைகளை மைனஸில் கட்டுங்கள், இயங்கும்போது தொடும் முனைகளை ப்ளஸில் கட்டுங்கள். பொது முனைகள் இரண்டும் மோட்டாருக்கு. ஒரு ரிலே அடித்தால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும், மற்றது அடித்தால் மறுபக்கம். பதற்றத்தில் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டால்? மோட்டாரின் இரு முனையிலும் ப்ளஸ்தான். எதுவும் வெடிக்காது, நாற்காலி நின்றுவிடும். ப்ளஸ் ஒயரில் ஒரு ப்யூஸ் போட மறக்காதீர்கள். ரிசீவருக்கு வோல்டேஜ் குறைக்கும் போர்டு தேவைப்பட்டால் அளவு பார்த்து வாங்குங்கள். நகத்தளவு குட்டிப் போர்டுகளில் பல 28 வோல்ட்வரைதான் தாங்கும். உங்கள் அடாப்டரோ 29. 40 வோல்ட்வரை தாங்கும் பெரிய போர்டே பத்திரம்.

பழைய ஒயர் ரிமோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதே சமயம், அதையும் ரிலேக்களையும் நேராக ஒரே மோட்டார் ஒயரில் சேர்த்துக் கட்டவும் கூடாது. ஒன்று கொடுக்கும் கரண்டை மற்றது ஷார்ட் செய்துவிடும். நடுவில் இருபக்கம் தட்டும் சுவிட்ச் ஒன்று, இரட்டை முனை உள்ளது, வைத்துவிட்டால் ஒரு பக்கம் ஒயர் ரிமோட், மறுபக்கம் புதியது. என்றாவது புதியது மக்கர் செய்தால் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

இப்போது முக்கியமான இடம். ரிசீவர் போர்டுகளில் மூன்று விதமான இயக்கங்கள் உண்டு. அழுத்தியிருக்கும்வரை மட்டும் இயங்குவது மொமென்டரி. ஒரு தட்டுக்கு ஆன், மறு தட்டுக்கு ஆஃப் என்பது டாகிள். வேறு பட்டனை அழுத்தும்வரை ஆனிலேயே நிற்பது லாட்ச். பல போர்டுகளில் ‘லேர்ன்’ பொத்தானை எத்தனை முறை அழுத்துகிறீர்கள் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. என் அம்மாவின் நாற்காலிக்கு ரிமோட் போட்ட அன்று எண்ணிக்கையில் ஒன்று கூடிப்போனது, நான் கவனிக்கவில்லை. அம்மா இறங்கும் பட்டனை அழுத்திவிட்டு விரலை எடுத்தார். நாற்காலி நிற்கவில்லை. கால் பகுதிக்குக் கீழே எவர்சில்வர் சொம்பு இருந்தது. அது ‘டொக்’ என்று ஒரு சத்தம் போட்டு, வாய் ஒட்டிப்போய் வெளியே வந்தது. அம்மா சொம்புக்காக என்னைத் திட்டினார். எனக்கு அந்த இடத்தில் தவழும் குழந்தையின் கைதான் கண்ணில் நின்றது. மொமென்டரி தவிர வேறெதையும் வைக்காதீர்கள். வைத்த பிறகு ஆளை உட்காரவைக்காமல் இருபது முறை அழுத்தி விட்டுப் பாருங்கள்.

போன் வேண்டாம் என்றதும் இதனால்தான். கை ரிமோட்டில் விரல் இருக்கும்வரை குறியீடு திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்கும். சிக்னல் அறுந்தால் ரிலே விழுந்துவிடும், நாற்காலி நிற்கும். போன் ஆப்பில் ‘ஆன்’ ஒரு செய்தி, ‘ஆஃப்’ இன்னொரு செய்தி. முதலாவது போய்ச் சேர்ந்து, இரண்டாவது போகும்போது வைஃபை போய்விட்டால்? மோட்டார் கடைசி முனை வரை போய்த்தான் நிற்கும். போதாக்குறைக்கு நீங்கள் ஆபீஸில் இருக்கிறீர்கள். நாற்காலியைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கேமரா வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்பீர்கள். அந்தப் படமும் சில நொடி தாமதமாகத்தான் வரும். அப்பாவுக்கு எழுந்துகொள்ள உதவி வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: கால் உயர்ந்திருக்கும்போது கரண்ட் போனால் அவர் எப்படி இறங்குவார்? சில அடாப்டர்களில் இரண்டு 9 வோல்ட் பேட்டரி போட இடம் இருக்கும். ஒருமுறை கீழே இறக்குவதற்கு அது போதும். அப்புறம் பேட்டரியை மாற்ற வேண்டும், அது யாருக்கும் நினைவிருக்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் நாற்காலியின் ப்ளக்கை அந்த லைனுக்கு மாற்றிவிடுங்கள். அறுபது வாட் சமாச்சாரம்தான். எலக்ட்ரீஷியனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்.

மோட்டாரின் லேபிளில் ‘2 நிமிடம் / 18 நிமிடம்’ என்பதுபோல் இருந்தால், இரண்டு நிமிடம் ஓடினால் பதினெட்டு நிமிடம் ஓய்வு என்று பொருள். ஒயர் இல்லாத ரிமோட் வந்ததும் பேரப்பிள்ளைகள் நாற்காலியை ராட்டினம் ஆக்குவார்கள். சூடேறி நின்றுபோனால் பழுதென்று பதறவேண்டாம், ஆறவிடுங்கள். ரிமோட்டின் குட்டி பேட்டரியில் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். அறையின் மறுகோடியிலிருந்து வேலை செய்தது பக்கத்தில் வந்தால்தான் செய்கிறது என்றால், பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது.

இறங்கும் பட்டனில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தால் கண்ணாடி இல்லாமலும் அப்பா தடவிக் கண்டுபிடிப்பார். புது ரிமோட் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பழையதைவிட வேகமாக இடுக்கில் விழும். அதனால் கைப்பிடியில் ஒரு சின்னப் பை தைத்து, ரிமோட்டை ஒரு முழ நாடாவால் அதோடு கட்டிவிடுங்கள். ஒயர் வேண்டாம் என்றுதானே எழுதினேன் என்று சிரிக்காதீர்கள். என் அம்மாவின் ரிமோட்டும் இப்போது நாடாவில்தான் தொங்குகிறது.