மருந்துக்கு முன்னால் ஊரைப் பார்!

"எந்த ஊர்? வீட்டுக்குப் பக்கத்தில் குளம், குட்டை உண்டா? குடிக்கிற தண்ணீர் கிணறா, குழாயா?" என்னிடம் வருகிறவர்களிடம் நாடி பிடிக்கும் முன்பே இப்படிக் கேட்பேன். "காய்ச்சலுக்கு மருந்து கேட்டால், வைத்தியர் ஊர்க்கதை கேட்கிறாரே!" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால், இது சுமார் 2,400 வருடப் பழைய கேள்வி!

கிரேக்க நாட்டின் கோஸ் தீவில் பிறந்தவர் ஹிப்போகிரேட்டஸ். அவர் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று 'காற்று, நீர், இடங்கள்'. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். புது ஊருக்குப் போகிற வைத்தியன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? ஊர் எந்தத் திசை பார்த்திருக்கிறது, எந்தக் காற்று அடிக்கிறது, தண்ணீர் சதுப்பிலிருந்து வருகிறதா, பாறையிலிருந்து வருகிறதா, ஜனங்கள் உழைப்பாளிகளா, குடிப்பவர்களா... அத்தனையும் பார்க்கச் சொல்கிறது அந்த நூல். மழைத்தண்ணீர் இனிப்புதான்; ஆனாலும் காய்ச்சிக் குடி என்கிறது!

தேங்கிய சதுப்புத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு மண்ணீரல் பெருத்து இறுகும், முகமும் தோளும் வற்றிப்போகும் என்றும் எழுதியிருக்கிறது. இன்று படித்தால், "அட, இது மலேரியா ஆச்சே!" என்று தோன்றும். இடத்தைச் சரியாகப் பிடித்தார்கள், காரணத்தைத்தான் தவறவிட்டார்கள். வினை தண்ணீரைக் குடித்ததால் அல்ல, அதில் வளர்ந்த கொசு கடித்ததால்! கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியை ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897-ல், நம் செகந்திராபாத்தில்.

இன்னொரு தவறும் உண்டு. தட்பவெப்பம் அதிகம் மாறாததால் ஆசியாக்காரர்களுக்கு வீரம் குறைவு என்று எழுதிவிட்டார்கள். நோய்க்குப் பார்த்த அளவுகோலை மனிதர் குணத்துக்கும் நீட்டியதால் வந்த கோளாறு. அதைத் தள்ளிவிடுங்கள்.

நம் சித்த மருத்துவமும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலம் பிரித்து நோய் சொல்கிறது. அதனால் நாடியோடு ஊரையும் பார்ப்பது எங்கள் வழக்கம்.

சரி, இதில் உங்களுக்கு என்ன பாடம்? குளிர்காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், சமீபத்தில் எந்தெந்த ஊர் போனீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கொசு கடித்து வாரங்கள், ஏன், மாதங்கள் கழித்துக்கூட மலேரியா வரலாம். ஊரைச் சொல்லாமல் விட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நாள் ஓடிவிடும்; உயிருக்கே ஆபத்தாகிவிடும். நாடி பார்க்கிற நானே, சந்தேகம் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறேன். நீங்களும் தள்ளிப்போடாதீர்கள்!