பாட்டனாரின் கணக்குப் புத்தகம்

லயங்களை விட்டுப் புது வீடுகளுக்குக் குடிபெயரும் வேளையில் பழைய இரும்புப் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. அவற்றின் அடியில் அட்டை கிழிந்த கணக்குப் புத்தகம் ஒன்று கிடைக்குமாயின், அதனைக் குப்பையோடு சேர்த்து எரித்துவிடலாகாது. கங்காணியாகவோ பால்வெட்டுத் தொழிலாளியாகவோ இருந்த பாட்டனார் அதிலே கதை எழுதியிருக்கமாட்டார். அரிசி, கைக்காசு, வேலைநாள், ஊருக்கு அனுப்பிய பணம் ஆகியவற்றையே குறித்திருப்பார். எனினும், முறையறிந்து படிப்போர்க்கு அக்கணக்கே குடும்ப வரலாறாகும்.

முதலில் எண்களை அறிதல் வேண்டும். பழைய கணக்கில் 'க' என்பது ஒன்று, 'உ' இரண்டு, 'ச' நான்கு, 'எ' ஏழு, 'அ' எட்டு, 'ய' பத்து. ஆனால், பக்கத்தின் உச்சியில் தனித்து நிற்கும் 'உ' இரண்டன்று. அது பிள்ளையார் சுழி. அதனையும் சேர்த்துக் கூட்டினால் கணக்கு ஒருநாளும் சரிவராது!

அடுத்தது ஆண்டு. பெரியவர்கள் ஆங்கிலத் தேதி இடாமல் தமிழ் ஆண்டின் பெயரை மட்டும் எழுதியிருக்கலாம். அப்பெயர்கள் 60; அவை சுழன்று வருவன. சித்திரபானு என்பது 1882, 1942, 2002 ஆகியவற்றில் பிறந்த ஆண்டுகளின் பெயர். ரப்பர்க் கன்றுகள் 22 சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததே 1877-இல்தான். 1882-இல் பால்வெட்டுக் கணக்குக்கு இடமேது? ஆதலின், பாட்டனாரின் சித்திரபானு ஜப்பானியர் ஆட்சிக்கால 1942 என்பது தெளிவு. இங்கே இடறுமிடம் ஒன்றுண்டு. தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதால், சித்திரபானு ஆவணி 1942-ஐச் சேரும். அதே ஆண்டின் மாசியோ 1943-ஐச் சேரும்.

மாசி, பங்குனியில் பால் குறைந்து காணப்பட்டால் பாட்டனாரைச் சோம்பேறியெனக் கருதவேண்டாம். மரம் இலையுதிர்க்கும் காலத்தைப் பற்றி உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பணம் அனுப்பிய குறிப்பில் ஊர்ப் பெயரோடு தாலுகாவின் பெயரையும் தேடுங்கள். ஒரே பெயரில் ஊர்கள் பல இருப்பதால், தாலுகாவே வழிகாட்டும். பிள்ளை பிறந்த நாளும் நட்சத்திரமும் எழுதப்பட்டிருப்பின் அது பிறப்புப் பத்திரத்திற்கு ஈடாகாது. ஆயினும், எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் தேடவேண்டும் என்பதைக் காட்டும்.

மிகவும் கருத்தோடு படிக்க வேண்டியவை சுபானு ஆண்டின் பக்கங்கள். வைகாசி வரை ஒருவர் பெயருக்கு நேரே வேலைநாட்கள் குறிக்கப்பட்டு வந்து, ஆனியில் அப்பெயர் நின்றுவிட்டதாகக் கொள்வோம். பற்றும் வரவும் முடிக்கப்படவில்லை. அது 1943-ஆம் ஆண்டின் நடுப்பகுதி. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்ட காலம். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் இரையாகி, அங்கேயே மாண்டோர் ஏராளம். அவர்களிற் பலருக்குக் கல்லறையும் இல்லை. இத்தகைய ஏடுகளில் உள்ள பெயரே மிஞ்சியிருக்கக்கூடும்.

ஆயினும், பெயர் நின்றதைக் கண்டவுடன் ஆள் மாண்டார் என முடிவு செய்தல் முறையன்று. அவர் வேறு தோட்டத்துக்குப் போயிருக்கலாம், நோயாய்க் கிடந்திருக்கலாம். 1945 முதல் வரும் பார்த்திப, விய ஆண்டுப் பக்கங்களில் அதே பெயர் மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். கையெழுத்து மாறியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கணக்கு எழுதியவரே போய்விட்டிருக்கவும் கூடும்.

அதன் பின்னர் அப்பெயரை வீட்டிலுள்ள மூத்தோரிடம், குறிப்பாகப் பாட்டிமாரிடம், மெல்லப் படித்துக் காட்டுங்கள். தங்கள் தாயார் யாருக்காகக் காத்திருந்தார் என்பதை அவர்கள் கேட்டறிந்திருப்பர். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு வருத்தவேண்டாம். அவர்கள் சொல்வதைப் பழைய ஏட்டின் ஓரத்தில் கிறுக்காமல், தனிப் புத்தகத்தில், சொன்னவர் பெயரும் சொன்ன தேதியும் இட்டு எழுதி வையுங்கள்.