லைட் கியூர் பல் அடைப்பு அடிவரை இறுக: தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலும் இரத்மலானையிலும் காலி வீதியோரக் கிளினிக்குகளுக்கு வருவோரில் பலர் பல்லின் நிறத்திலேயே அடைக்கச் சொல்கிறார்கள். இரசக் கலவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கையும் 2013 முதல் அந்தப் பக்கமே தள்ளுகிறது. ஆனால் அந்தப் பல் நிற அடைப்புப் பொருளான கொம்போசிட்டின் மேற்பரப்பு சில விநாடிகளில் கல்லாகிவிடும். அடி இறுகியதா என்று மேலிருந்து தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அடி இறுகாமல் மென்மையாக நின்றால் விளிம்பு கசியும், உள்ளே மறுபடி சூத்தை விழும். புதிதாக லைட்டைக் கையிலெடுக்கும் இளம் பல் வைத்தியருக்கும் உதவியாளருக்குமே இந்த வழிகாட்டி.

படி 1: லைட்டைப் பாருங்கள்

பெரும்பாலான கொம்போசிட்டில் ஒளி பட்டதும் இறுகலைத் தொடக்கிவைக்கும் பொருள் கம்போர்குயினோன். அது 468 நனோமீற்றர் அளவிலான நீல ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சும். வெளிர் நிறச் சில வகைகளில் ஊதா ஒளி கேட்கும் பொருளும் கலந்திருக்கும். அதற்கு இரண்டு அலைநீளமும் தரும் லைட் வேண்டும். லைட்டின் முனையில் பழைய றெசின் ஒட்டியிருந்தால் ஒளி அங்கேயே நின்றுவிடும், ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் முன் முனையைப் பாருங்கள். வாரம் ஒருமுறை றேடியோமீற்றரில் அளந்து எழுதி வையுங்கள். ஒரு நாள் வரும் எண்ணைவிட மாதக்கணக்கில் அது இறங்குவதே முக்கியம்.

படி 2: மெல்லிய அடுக்கு

சாதாரண வகைக்கு ஓர் அடுக்கு 2 மில்லிமீற்றர், பல்க் ஃபில் என்றால் 4. ஏ4 போன்ற கருமையான நிறத்துக்கு இன்னும் மெல்லியதாக வைத்து, நேரத்தைக் கூட்டுங்கள். அடைக்கும்போது தலைக்கு மேலுள்ள விளக்கைத் திருப்பிவிடுங்கள். அந்த வெளிச்சத்திலேயே கொம்போசிட் இறுகத் தொடங்கும்.

படி 3: பிடிக்கும் கை

அதிகம் கெடுவது இங்கேதான். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பிரைஸ் குழுவினர் பொம்மை வாய்க்குள் ஒளி அளக்கும் கருவி பொருத்திப் பார்த்தபோது, ஒரே லைட்டை ஒரே நேரம் பிடித்தவர்களிடையேகூடப் பல்லுக்குப் போய்ச் சேர்ந்த சக்தி பெரிதும் வேறுபட்டது. ஒரு காரணம் கண். நீல ஒளி கூசுவதால் முகத்தைத் திருப்புகிறோம், கை நகர்ந்துவிடுகிறது. செம்மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முனையைப் பார்த்தபடியே பிடியுங்கள்.

முனை அடைப்புக்கு நேர் மேலே, தொடாமல், முடிந்தவரை கிட்ட இருக்க வேண்டும். கடைவாய்ப் பல்லில் வாய் போதுமான அளவு திறக்காது, முனை சரியும், ஒரு பக்கம் நிழலாகும். இரு பற்களுக்கிடையிலான குழியின் தளம் முனையிலிருந்து 6, 8 மில்லிமீற்றர் கீழே கிடக்கும்; பல லைட்டுகளில் அங்கே ஒளி பாதியாகவோ அதற்கும் குறைவாகவோதான் சேரும். முதல் அடுக்குக்கு நேரத்தைக் கூட்டுங்கள். மற்றிக்ஸ் பாண்டைக் கழற்றியபின் கன்னப்பக்கமிருந்தும் நாக்குப்பக்கமிருந்தும் மறுபடி பிடியுங்கள்.

படி 4: நேரம்

சதுர சென்றிமீற்றருக்கு 800 மில்லிவாற்று என்றால் 20 விநாடியில் 16 ஜூல்; 400 என்றால் அதே 16க்கு 40 விநாடி வேண்டும். பெட்டியில் கம்பனி அச்சிட்ட நேரத்துக்குக் கீழே போகாதீர்கள். நீண்ட நேரம் பிடித்தால் பல் சூடேறும். இடையில் காற்றடித்து ஆறவிடுங்கள்.

படி 5: நீங்களே அளந்து பாருங்கள்

கறுப்பு உறிஞ்சுகுழலில் 8 மில்லிமீற்றர் துண்டு வெட்டி, கொம்போசிட்டை நிரப்பி, மேலிருந்து வழக்கமான நேரம் ஒளி பாய்ச்சுங்கள். வெளியே தள்ளி, அடியிலுள்ள மென்மையான பகுதியை பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். மிஞ்சிய கெட்டித் துண்டின் நீளத்தில் பாதிதான் நம்பக்கூடிய ஆழம். 5 மில்லிமீற்றர் மிஞ்சினால் இரண்டரை. 3 தான் மிஞ்சியதென்றால், அந்த லைட்டோடு அந்த நிறத்தை ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் வைக்க வேண்டாம்.