நோட்டிஃபிகேஷனைத் தட்டினா எங்கே போய் நிக்கணும்?

மினி புராஜெக்ட் சீசன் வந்தாச்சு. நம்மில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மொபைல் ஆப் செய்துகிட்டு இருப்போம். அதில் எல்லாரும் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுற ஒரு விஷயத்தைத்தான் இந்த இதழில் பார்க்கப் போறோம்: புஷ் நோட்டிஃபிகேஷனில் இருந்து டீப் லிங்க்.

முதலில் ஒரு காட்சி. நீங்க கல்லூரி பஸ்ஸுக்கு ஒரு ஆப் செய்றீங்கன்னு வைச்சுக்குவோம். இன்னைக்குத் திங்கட்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமா திங்கள், வெள்ளி ரெண்டு நாள்தான் திறந்திருக்கும். அன்னைக்கு ஊருக்குள்ள கூட்டம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதனால "பஸ் நிற்கும் இடம் மாறியிருக்கு, பார்க்கவும்"னு உங்க ஆப் ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்புது. கோயில் பக்கம் நிக்கிற முதலாம் ஆண்டு மாணவி அதைத் தட்டுறாங்க. ஆப் திறக்குது, லோகோ சுத்துது, ஹோம் ஸ்கிரீன் வருது. அவ்வளவுதான். தட்டின நோட்டிஃபிகேஷனும் மறைஞ்சு போச்சு. எங்கே நிக்கணும்னு தேடுறதுக்குள்ள பஸ் நெடுஞ்சாலையில் போயிடுச்சு. ஒன்பது மணிக்கு அவங்களுக்கு இன்டர்னல் தேர்வு!

மெசேஜ் சரியாத்தான் வந்தது, ஆப் கிராஷ் ஆகவும் இல்லை. தப்பு எங்கே?

டீப் லிங்க் என்றால்

ஆப்புக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட பக்கத்தின் முகவரிதான் டீப் லிங்க். நாம தினமும் பயன்படுத்துற உதாரணம் யுபிஐ. ஆண்ட்ராய்டு போனில் ஒரு தளத்தில் யுபிஐ மூலம் பணம் கட்ட பட்டனைத் தட்டினா கூகுள் பே, போன்பே, பேடிஎம்னு ஒரு பட்டியல் வருமே, அதுக்குக் காரணம் "யுபிஐ" என்ற ஸ்கீமில் தொடங்கும் ஒரு லிங்க். யாருக்கு, எவ்வளவு என்ற விவரம் அதிலேயே இருக்கும். அந்த ஸ்கீமை எந்த ஆப் வேண்டுமானாலும் தன்னுடையது என்று பதிவு செய்துகொள்ளலாம். அதனால்தான் பட்டியல் வருது.

யுபிஐக்கு அது வசதி, நமக்கு அது தொல்லை. நீங்க "பஸ்" என்று ஒரு ஸ்கீம் வைச்சா, வேற ஆப்பும் அதையே வைக்கலாம். இதற்குத் தீர்வாக 2015-இல் ஆண்ட்ராய்டு 6 ஆப் லிங்க்ஸையும், ஐஓஎஸ் 9 யுனிவர்சல் லிங்க்ஸையும் கொண்டுவந்தன. சாதாரண இணைய முகவரியையே பயன்படுத்தி, "இந்தத் தளம் இந்த ஆப்புக்குச் சொந்தம்" என்று தளத்தில் ஒரு ஜேசன் கோப்பு வைத்து நிரூபிக்கணும். ஆண்ட்ராய்டில் அந்தக் கோப்பில் ஆப்பின் கையெழுத்துச் சாவியின் எஸ்எச்ஏ-256 கைரேகை இருக்கும். பிளே ஸ்டோர் உங்களுக்காகக் கையெழுத்திடுது என்றால், பிளே கன்சோலில் காட்டும் கைரேகையைப் போடுங்க. உங்க லேப்டாப்பில் இருக்கிறதைப் போட்டா, டெஸ்டிங்கில் ஓடும், ஸ்டோரில் இருந்து இறக்கினா ஓடாது.

நோட்டிஃபிகேஷன் நேரா நம்ம ஆப்புக்கே வருதே, இந்த முகவரி எதுக்குன்னு கேட்கலாம். அதே முகவரியை வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினாலும் அதே பக்கம் திறக்கணும் இல்லையா? அதுக்குத்தான். மெசேஜின் டேட்டா பகுதியில் அந்த முகவரியைப் போட்டு அனுப்புங்க. ரெண்டு வழிக்கும் ஒரே ரூட்டர் போதும்.

மூன்று நிலைகள்

தட்டும்போது ஆப் எந்த நிலையில் இருக்கு என்பதுதான் முக்கியமான கேள்வி. ஃபிளட்டரில் ஃபயர்பேஸ் பயன்படுத்துறவங்களுக்கு இப்படி வரும்:

1. ஆப் திறந்தே இருக்கு: "ஆன் மெசேஜ்" வழியா வரும். இங்கே தானா பக்கத்தை மாத்தாதீங்க. அவர் ஒரு படிவத்தைப் பாதி நிரப்பியிருக்கலாம். மேலே ஒரு பட்டையைக் காட்டுங்க, தட்டினா போகட்டும்.

2. ஆப் பின்னணியில் இருக்கு: "ஆன் மெசேஜ் ஓப்பன்டு ஆப்". நாம டெஸ்ட் பண்றது பெரும்பாலும் இதை மட்டும்தான்.

3. ஆப் முழுசா மூடியிருக்கு: "கெட் இனிஷியல் மெசேஜ்". நம்ம மாணவி மாட்டினது இங்கேதான்.

மூன்றாவதில் என்ன நடக்குது? ஆப் பூஜ்யத்தில் இருந்து எழும்புது. ஸ்பிளாஷ், லாகின் சோதனை, பிறகு ஹோம். லிங்க் முதல் நொடியிலேயே வந்துடும், பஸ் பக்கத்தைத் திறக்கவும் செய்யும். ஆனா ஸ்பிளாஷ் முடிந்ததும் "ஹோமுக்குப் போ" என்ற கட்டளை அதன் மேலேயே விழுது. லிங்க் தொலையுது.

மருந்து எளிது. லிங்க் வந்ததும் ஓடாதீங்க. ஒரு மாறியில் வைச்சுக்குங்க. லாகின் முடிந்து, திரை தயாரான பிறகு, ஒரே ஒரு இடத்தில் அதை எடுத்துப் போங்க. எடுத்த கையோடு காலி பண்ணிடுங்க. நேட்டிவ் ஆண்ட்ராய்டில் காலி பண்ணலைன்னா, போனைத் திருப்பினா "ஆன் கிரியேட்" மறுபடி ஓடி, பழைய லிங்க் இன்னொரு தடவை திறக்கும்.

பேக் பட்டனையும் மறக்காதீங்க. நேரா பஸ் பக்கத்துக்கு வந்தவர் பேக் அழுத்தினா ஆப்பை விட்டே வெளியே போயிடுவார். ஹோமை அடியில் வைத்து, அதன் மேல் பஸ் பக்கத்தை அடுக்குங்க.

பழைய வீடியோக்கள் ஜாக்கிரதை

யூடியூபில் பார்த்து அப்படியே எழுதினா சில இடத்தில் மாட்டுவீங்க. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-ஐ இலக்காக வைக்கும் ஆப், நோட்டிஃபிகேஷனைத் தட்டும்போது சர்வீஸ் அல்லது ரிசீவர் வழியாகத் திரையைத் திறக்க முடியாது. ஆக்டிவிட்டியை நேராகத் திறக்கணும். ஆண்ட்ராய்டு 13-இல் (2022) இருந்து நோட்டிஃபிகேஷன் காட்டவே பயனரின் அனுமதி வேணும். ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் சேவை 2025 ஆகஸ்ட் 25-இல் நிறுத்தப்பட்டுவிட்டது; அதைச் சொல்லித்தர்ற வீடியோவைத் தாண்டிப் போங்க.

லிங்க்கை நம்பாதீங்க

லிங்க் என்பது வெளியிலிருந்து வரும் இன்புட். மதிப்பெண் பக்கத்துக்கான லிங்க்கில் பதிவு எண் இருந்தா, யாராவது அந்த எண்ணை மாத்திப் பார்ப்பாங்க. "இவருக்கு இதைப் பார்க்க உரிமை இருக்கா?" என்று சர்வர்தான் சோதிக்கணும். அனுமதித்த பக்கங்களின் பட்டியல் ஒன்றை வைச்சு, அதில் இல்லாததை ஹோமுக்கு அனுப்புங்க.

மெசேஜின் அளவு வரம்பு 4096 பைட். எல்லாத்தையும் திணிக்காம அடையாள எண்ணை மட்டும் அனுப்பி, விவரத்தைச் சர்வரில் இருந்து எடுங்க. நேற்றைய நோட்டிஃபிகேஷனை இன்னைக்குத் தட்டினா "இது நேற்றைய அறிவிப்பு" என்று சொல்லுங்க.

நெட் கிடைக்காத இடத்தில் என்ன பண்றது? அவசரமான வரியை மெசேஜிலேயே எழுதிடுங்க. "இடம் மாறியிருக்கு, பார்க்கவும்" என்பதற்குப் பதில் "பஸ் இன்று நெடுஞ்சாலை ஓரம் நிற்கும்" என்று அனுப்பியிருந்தா, அந்த மாணவி தட்டவே தேவையில்லை.

வைவாவுக்கு முன்னாடி

ஒரு தாளில் கட்டம் போடுங்க. மூன்று நிலைகள், லாகின் ஆனவர், ஆகாதவர், சரியான லிங்க், தப்பான லிங்க். மொத்தம் 12 கட்டம். ஒவ்வொன்றையும் நிஜ போனில் தட்டிப் பார்த்து டிக் அடிங்க. ஒரு குறிப்பு: செட்டிங்ஸில் போய் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்தா ஆண்ட்ராய்டில் மெசேஜே வராது, கோடில் தப்புன்னு நினைச்சு மண்டையை உடைச்சுக்காதீங்க. சமீபத்திய ஆப் பட்டியலில் இருந்து தள்ளி மூடி டெஸ்ட் பண்ணுங்க.

லாகின் ஆகாதவர் கட்டத்தை முதலில் பாருங்க. லாகின் முடிந்ததும் பஸ் பக்கம் வருதா, ஹோம் வருதா? ஹோம் வந்தா, மேலே சொன்ன மாறியை நீங்க இன்னும் எழுதலைன்னு அர்த்தம்!